திருப்பூரில் 100 டி-சர்ட் தைத்துச் சொந்தப் பிராண்ட் தொடங்க: படிப்படியாக

நான் மதுரைக்காரன். எங்கள் வீட்டில் துணித் தொழில் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தமிழ் எழுத்துகள் போட்ட டி-சர்ட்களைத் திருப்பூரில் தைத்து, சொந்தப் பெயரில் இணையத்தில் விற்கிறேன். முதல் லாட்டில் 300 பீஸ் போட்டேன். அதில் 120 பீஸ் ஒரே துவைப்பில் நீளம் குறைந்துபோயின. லேபிளில் நெய்து வாங்கிய பெயரையும் ஆறு மாதத்தில் மாற்ற வேண்டி வந்தது. எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லாததுதான் இரண்டுக்கும் காரணம். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கையில் 60,000 ரூபாயும் மூன்று மாதப் பொறுமையும் இருந்தால் 100 பீஸில் தொடங்கிவிடலாம். கீழே வரும் தயாரிப்பு விலைகள் நான் கடைசியாகக் கொடுத்த பில்களில் இருந்தவை. நூல் விலை ஏறினால் துணி விலையும் ஏறும், எனவே கிளம்பும் முன் ஒருமுறை போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. ஒரே மாடல், இரண்டே நிறம்

ரவுண்ட் நெக் டி-சர்ட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போலோ, ஹூடி, டிராக் பேண்ட் எல்லாம் அப்புறம். எஸ், எம், எல், எக்ஸ்எல் நான்கு அளவையும் 1:2:2:1 விகிதத்தில் பிரித்தால் ஒரு நிறத்துக்கு 8, 16, 16, 8 என்று வரும். இரண்டு நிறத்துக்கு 96 பீஸ், சேதாரத்துக்கு நான்கு சேர்த்தால் 100. மூன்றாவது நிறம் சேர்த்தீர்களானால் எந்த அளவிலும் போதுமான பீஸ் இருக்காது. எம் தீர்ந்து, எஸ்ஸும் எக்ஸ்எல்லும் அலமாரியில் தங்கிவிடும்.

திருப்பூரின் துணிச் சந்தையான காதர்பேட்டையில் மிச்ச லாட் துணிமணிகளை மலிவாக வாங்கி, நம் லேபிளைத் தைத்து விற்கலாமே என்று பலரும் யோசனை சொல்வார்கள். கடை வைத்து விற்பவருக்கு அது நல்ல வழி. பிராண்டுக்குச் சரிப்படாது. இன்று வாங்கிய துணியும் அளவும் அடுத்த மாதம் கிடைக்காது. வேறு கம்பெனிப் பெயரோ சின்னமோ உள்ளே எங்காவது மிச்சமிருந்தால் வர்த்தகமுத்திரைச் சிக்கலும் சேர்ந்து வரும்.

2. பெயரைத் தேடிய பிறகே லேபிள்

நான் பெயர் வைத்த அன்றே 1,000 நெய்த லேபிளுக்கு ஆர்டர் கொடுத்தேன். விண்ணப்பம் போட்டபோது, கிட்டத்தட்ட அதே ஒலியில் வேறொருவர் ஏற்கெனவே பதிந்திருந்தது தெரிந்தது. லேபிள் முழுவதும் வீண்.

வர்த்தகமுத்திரைப் பதிவகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம். ஆயத்த ஆடைக்கு வகுப்பு 25. எழுத்து ஒற்றுமையை மட்டும் பார்த்தால் போதாது, ஒலி ஒற்றுமைக்கான தேடலையும் செய்யுங்கள். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எப்படியெல்லாம் எழுதலாமோ அப்படியெல்லாம் போட்டுப் பாருங்கள். ‘பருத்தி ஆடை’, ‘நல்ல சட்டை’ போல பொருளையே விவரிக்கும் பெயர்களுக்கு ஆட்சேபம் வரும், அவற்றை விட்டுவிடுங்கள்.

தனிநபராகவோ சிறுதொழிலாகவோ இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மற்றவர்களுக்கு 9,000. விண்ணப்பித்த அன்றே பெயருக்குப் பக்கத்தில் டிஎம் என்று போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ஆர் போடும் குறியைப் பதிவு முடிந்த பிறகுதான் போட வேண்டும், முன்பே போட்டால் குற்றம். பதிவகத்தின் ஆய்வறிக்கையில் ஆட்சேபம் வந்தால் பதில் சொல்ல ஒரு மாதம்தான் அவகாசம். பதிவகத்தின் வர்த்தகமுத்திரை இதழில் வெளியான பிறகு யாரும் எதிர்ப்புத் தெரிவிக்க நான்கு மாதம் உண்டு. எப்படியும் மாதக்கணக்கில் ஆகும், அதுவரை தொழிலை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. மின்னஞ்சலை மட்டும் விடாமல் பாருங்கள். பதில் போடாததாலேயே கைவிடப்பட்ட விண்ணப்பங்கள் நிறைய.

3. காகிதங்கள்: உத்யம், ஜிஎஸ்டி, நடப்புக் கணக்கு

இந்த வரிசையிலேயே போங்கள்.

முதலில் உத்யம், அதாவது குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கட்டணம் கிடையாது, எந்த ஆவணத்தையும் பதிவேற்ற வேண்டியதும் இல்லை. தேடும்போது மேலே வரும் சில தளங்கள் அரசுத் தளம் போலவே தோன்றி ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும். முகவரியின் கடைசியில் அரசுத் தளத்துக்கான ஜிஓவி டாட் இன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

அடுத்தது ஜிஎஸ்டி. சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் வெளிமாநிலத்துக்கு ஒரு பார்சல் அனுப்பினாலும் பதிவு கட்டாயம். இணையத்தில் விற்கும்போது பெங்களூரில் இருந்து வரும் ஆர்டரை வேண்டாம் என்று சொல்ல முடியாது அல்லவா? எனவே முதலிலேயே எடுத்துவிடுங்கள். இதற்கும் அரசுக் கட்டணம் இல்லை. ஆடிட்டர் மூலம் போட்டால் அவர் கூலி மட்டும்.

தேவையானவை: பான், ஆதார், புகைப்படம், தொழில் நடக்கும் இடத்துக்கான சான்று. வீட்டிலிருந்தே செய்கிறீர்கள் என்றால் மின்கட்டண ரசீதோ சொத்துவரி ரசீதோ வேண்டும். ரசீது யார் பெயரில் இருக்கிறதோ அவரிடமிருந்து சம்மதக் கடிதமும் வேண்டும். எங்கள் வீட்டு மின் இணைப்பு இறந்துபோன தாத்தா பெயரில் இருந்தது. அதனால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. இதற்கு ஏழு வேலை நாளுக்குள் பதில் போட வேண்டும், தவறினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். சொத்துவரியை அப்பா பெயருக்கு மாற்றி, அந்த ரசீதோடு மறுபடி போட ஒன்றரை மாதம் ஆனது. உங்கள் வீட்டு ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

பதிவு கிடைத்ததும் கணக்குத் தாக்கலும் தொடங்கிவிடும். 5 கோடிக்குள் விற்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு பீஸ்கூட விற்காத காலத்துக்கும் தாக்கல் உண்டு. மறந்தால் விற்பனை இல்லாத கணக்குக்கு நாளொன்றுக்கு 20 ரூபாய், விற்பனை இருந்தால் 50 ரூபாய் தாமதக் கட்டணம்.

உத்யம், ஜிஎஸ்டி இரண்டு சான்றிதழையும் கொண்டுபோனால் வங்கியில் பிராண்ட் பெயரிலேயே நடப்புக் கணக்கு திறக்கலாம். ஜிஎஸ்டி கிடைத்து 30 நாளுக்குள் அந்தக் கணக்கு எண்ணைத் தளத்தில் சேர்த்துவிடுங்கள்.

4. துணி: அவசரமே கூடாத இடம்

பனியன் துணியைக் கிலோ கணக்கில்தான் விற்பார்கள். கடைக்காரர் முதலில் கேட்பது ஜிஎஸ்எம் எவ்வளவு, கவுண்ட் எவ்வளவு என்பதுதான். ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். கவுண்ட் என்பது நூலின் எண், எண் கூடக் கூட நூல் மெலிது. பொதுவாக 30 கவுண்டில் 150, 160 ஜிஎஸ்எம் துணி வரும். 24 கவுண்டில் 180, 20 கவுண்டில் 200, 220 வரும். நம் ஊர் வெயிலுக்கு 180 போதும். இப்போது ஓடும் ஓவர்சைஸ் மாடலுக்கு 220, 240 கேட்கிறார்கள்.

‘கோம்ப்டு’ நூலா என்று கேளுங்கள். குட்டை இழைகளைச் சீவி எடுத்த நூல் அது. துணி மேலே பிசிறு குறைவாக வரும்.

நமக்கென்று தனி நிறத்தில் சாயம் போட ஆசைப்படாதீர்கள். நான் விசாரித்த பட்டறைகளில் 100 கிலோவுக்குக் குறைந்து யாரும் எடுக்கவில்லை. ஒரு டி-சர்ட்டுக்குக் கால் கிலோ என்றால் அது 400 பீஸ். முதல் லாட்டுக்கு, ஏற்கெனவே சாயம் போட்ட துணியை வைத்து விற்கும் ரெடி ஸ்டாக் துணிக்கடையே சரி. 25 கிலோ, இரண்டு நிறம், கழுத்துப் பட்டைக்கு இழுபடும் ரிப் துணி. உடம்புத் துணியும் ரிப்பும் ஒரே சாய லாட்டா என்று கேட்டு, வெளி வெளிச்சத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடையின் டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரியும் கறுப்பு, வெயிலில் ஒன்று பச்சையாகவும் ஒன்று சிவப்பாகவும் அடிக்கும்.

இனி சொல்வதை மட்டும் விடாமல் செய்யுங்கள். மொத்தமாக வாங்கும் முன் ஒரு மீட்டர் துணி வாங்கி வீட்டுக்கு எடுத்து வாருங்கள். அழியாத பேனாவால் 50 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் சதுரம் போட்டு, வீட்டு வாஷிங் மெஷினில் மூன்று முறை துவைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள். எந்தப் பக்கமாவது 47 சென்டிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் அந்தத் துணி வேண்டாம். சதுரம் சாய்ந்து நின்றால், துவைத்த பின் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பும் என்று அர்த்தம். அப்புறம் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துத் துணிமேல் பத்துமுறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் வாடிக்கையாளரின் வெள்ளை வேட்டியிலும் ஒட்டும்.

என் முதல் லாட்டில் இதை நான் செய்யவில்லை. துணி சரியாக காம்பாக்டிங் ஆகாதது, அதாவது பிறகு சுருங்காதபடி முன்பே அழுத்திச் சுருக்கும் வேலை அதில் சரியாக நடக்கவில்லை. 28 அங்குலம் இருந்த டி-சர்ட் 26 ஆகிவிட்டது. இடுப்புக்கு மேலே ஏறி நிற்கும் சட்டையைப் படமெடுத்து ஒரு வாடிக்கையாளர் அனுப்பியிருந்தார். கோபமாக ஒரு வார்த்தையும் எழுதவில்லை, படம் மட்டும்தான். 120 பேருக்கும் பணத்தைத் திருப்பினேன். பிறகு பழக்கமான பேட்டர்ன் மாஸ்டர் (அளவுக்கு மாதிரி வெட்டித் தருபவர்) ஒருவர் சொன்னார்: “துணிய ஒரு தடவ தொவச்சுப் பாக்காம கத்தி வெக்காதீங்க தம்பி.”

துணிக்கு ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். அந்த வரியை நம் விற்பனை வரியில் கழிக்க முடியாமல் போவதோடு, துணியில் குறை வந்தால் கேட்கவும் வழியிருக்காது.

5. சாம்பிளும் அளவு அட்டையும்

உங்களுக்குப் பிடித்து, நன்றாகப் பொருந்தும் டி-சர்ட் ஒன்றை எடுத்துப் போங்கள். பேட்டர்ன் மாஸ்டர் அதை வைத்து எம் அளவில் மாதிரி வெட்டித் தருவார். தைத்ததும் துவைத்து, உடுத்தி, உடம்பு வேறு வேறாக இருக்கும் நான்கு பேருக்குப் போட்டுப் பாருங்கள். பிறகுதான் மற்ற அளவுகள். நெஞ்சு, நீளம், தோள், கை, கழுத்து ஐந்தையும் அங்குலத்தில் ஒரு தாளில் எழுதி, அரை அங்குலம் வரை வித்தியாசம் ஏற்கப்படும் என்றும் எழுதி, தைப்பவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சாம்பிளுக்கு 1,000 முதல் 1,500 ரூபாய், ஒரு வாரம்.

6. தையல்: ஜாப் ஒர்க் கொடுப்பது

100 பீஸுக்குப் பெரிய கம்பெனிகள் வாசலிலேயே வேண்டாம் என்பார்கள். பத்துப் பதினைந்து மெஷின் போட்டு, ஜாப் ஒர்க்காக, அதாவது நம் துணியைக் கூலிக்குத் தைத்துத் தரும் பவர் டேபிள் யூனிட்டைத் தேடுங்கள். துணிக்கடைக்காரரிடமும் பிரிண்டிங் பட்டறையிலும் கேட்டால் யாரையாவது கைகாட்டுவார்கள். கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் சேர்த்துச் சிறு லாட்டுக்கு நான் பீஸுக்கு 70 ரூபாய் கொடுக்கிறேன். 500 பீஸ் என்றால் இது குறையும்.

பேசும்போதே தீர்த்துக்கொள்ள வேண்டியவை சில. துணியை விரித்து ஓர் இரவாவது விட்டு, மறுநாள் வெட்டச் சொல்லுங்கள். ரோலில் இழுபட்டிருக்கும் துணி தளர்ந்த பிறகு வெட்டினால்தான் அளவு நிற்கும். வெட்டிய பீஸ் எண்ணிக்கையை அன்றே வாட்ஸப்பில் கேட்டு வாங்குங்கள். வெட்டு மிச்சம் யாருக்கு என்பதையும் பேசிவிடுங்கள், அதற்கும் விலை உண்டு. துணியை அனுப்பும்போது டெலிவரி சலான் (சரக்கோடு போகும் சீட்டு) போட்டு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பணம் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம். வெள்ளி மாலை யூனிட்டில் இருந்து பணம் கேட்டுப் போன் வரும். அவர்கள் கஷ்டம் உண்மையானது, தொழிலாளிக்குக் கூலி போயாக வேண்டும். எனவே முடிந்த வேலைக்கு உடனே கொடுங்கள், முடியாத வேலைக்குக் கொடுக்காதீர்கள்.

பத்து நாளில் தருகிறேன் என்றால் மூன்று வாரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் சிறு ஆர்டரை யாரும் கையில் தொட மாட்டார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போனவர்கள் திரும்பவே ஒன்றிரண்டு வாரம் ஆகும்.

சரக்கு எடுக்கும் நாளில் நேரில் போங்கள். பத்துக்கு ஒரு பீஸை எடுத்து, கழுத்தை இரண்டு கையாலும் தலை நுழையும் அளவுக்கு இழுத்துப் பாருங்கள். தையல் தெறிக்கும் சத்தம் கேட்டால் அந்த லாட் முழுவதையும் பார்த்தாக வேண்டும். ஊசி முனை மழுங்கியிருந்தால் தையல் ஓரத்தில் சின்னச் சின்ன ஓட்டை விழும். அன்று கண்ணுக்குத் தெரியாது, இரண்டாவது துவைப்பில் பெரிதாகிவிடும்.

7. பிரிண்ட்: தமிழ் எழுத்துக்கு இரண்டு மடங்கு கவனம்

இங்கே பெரும்பாலும் வெட்டிய துண்டிலேயே பிரிண்ட் அடித்து, பிறகு தைப்பார்கள். அது நல்லது. பிழையானால் முன்பக்கத் துண்டு ஒன்றுதான் போகும், முழுச் சட்டை போகாது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்க்ரீன் (அச்சுச் சட்டம்) என்பதால் முதல் டிசைனை ஒரே நிறத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பீஸுக்கு 25 முதல் 35 ரூபாய் வரும்.

தமிழ் டிசைனை எழுத்துருவாக அனுப்பாதீர்கள். எழுத்துரு இல்லாமலே தெரியும் வடிவமாக, அதாவது அவுட்லைனாக மாற்றி, கூடவே படமாகவும் அனுப்புங்கள். என் டிசைனில் ‘கொண்டாட்டம்’ என்ற சொல் இருந்தது. பட்டறைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாததால், முன்னால் நிற்க வேண்டிய கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டது. பிரிண்ட் போட்ட தம்பி ஒடிசாக்காரர், அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் போய்ப் பார்ப்பதற்குள் 14 துண்டு அடித்து முடித்திருந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, முதல் துண்டை நான்தான் பார்த்திருக்க வேண்டும். இப்போது முதல் துண்டின் படம் வந்து, ஒற்று, கொம்பு, கால் எல்லாம் சரிபார்த்த பிறகுதான் மேலே அடிக்கச் சொல்கிறேன். அடித்த துண்டையும் ஒன்று துவைத்துப் பாருங்கள். சூடு போதாமல் காய்ந்த பிரிண்ட் வெடிக்கும்.

நடிகர் முகம், சினிமா வசனம், கிரிக்கெட் அணிச் சின்னம் எதையும் தொடாதீர்கள். வேகமாக விற்கும், நோட்டீஸும் வரும். எழுத்துருவுக்கும் உரிமம் உண்டு. வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

8. லேபிளிலும் கவரிலும் எழுத வேண்டியவை

கவரில் போட்டு விற்பதால் சட்டமுறை எடையளவு விதிகள் நமக்கும் பொருந்தும். தயாரித்தவர் அல்லது பேக் செய்தவர் பெயர், முழு முகவரி, பொருளின் பெயர், எண்ணிக்கை, மாதமும் ஆண்டும், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, புகாருக்கான போன் எண்ணும் மின்னஞ்சலும். எம், எல் என்று போடுவதோடு அளவைச் சென்டிமீட்டரிலும் போடுங்கள். இணையப் பக்கத்திலும் மாதம், ஆண்டு தவிர மற்றவை தெரிய வேண்டும். பேக் செய்பவருக்கான பேக்கர் பதிவும் உண்டு. கட்டணம் 500 ரூபாய், பேக்கிங் தொடங்கி 90 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. பலருக்கு இப்படி ஒரு பதிவு இருப்பதே தெரியாது.

9. விலை: தாளில் போட்டுப் பாருங்கள்

என் கணக்கு, ஒரு பீஸுக்கு, கழிக்கக்கூடிய வரியைக் கழித்த பிறகு: துணி 112, தையல் 70, பிரிண்ட் 30, லேபிளும் டேக்கும் கவரும் 13, வண்டிக் கூலியும் சேதாரமும் 10. ஆக 235 ரூபாய்.

விற்கும் விலை 599. டி-சர்ட் 2,500 ரூபாய்க்குள் என்பதால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதாவது உள்ளே அடங்கிய வரி 28 ரூபாய் 50 காசு. பணம் வாங்கித் தரும் கேட்வேக்கு 14. கூரியர் 65. திரும்பி வரும் பார்சல்களுக்காக ஒதுக்குவது 40. விளம்பரம் 110. எல்லாம் போகக் கையில் நிற்பது 106 ரூபாய் சொச்சம்.

இந்த 106-ஐ மனதில் வைத்துக்கொண்டு 20 சதவீதத் தள்ளுபடியை யோசியுங்கள். 120 ரூபாய் குறைகிறது. பார்சல் போகும், பணமும் வரும், ஆனால் ஒவ்வொரு பீஸிலும் கைக்காசு கரையும். முதல் தீபாவளிக்கு நான் இப்படித்தான் 80 பீஸ் விற்றுவிட்டு, வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று நம்பினேன்.

10. விற்பனை, கூரியர், திரும்பி வரும் பார்சல்

முதல் 100 பீஸுக்கு இன்ஸ்டாகிராமும் யுபிஐயும் ஓர் எளிய இணையக் கடையும் போதும். படம் எடுக்க வெளிச்சமான மொட்டைமாடி போதும், காலை எட்டு மணிக்குள் எடுத்துவிடுங்கள். போட்டிருப்பவர் உயரம் என்ன, எந்த அளவு போட்டிருக்கிறார் என்று படத்தின் கீழே எழுதுங்கள். எனக்கு அளவு மாற்றக் கேட்கும் தொல்லை இதனால் பாதியாகக் குறைந்தது.

கூரியர் கட்டணத்தில் அரைக் கிலோ ஒரு படி. 180 ஜிஎஸ்எம் டி-சர்ட் இரண்டு அதற்குள் அடங்கும். 240 ஜிஎஸ்எம் ஓவர்சைஸ் இரண்டு வைத்தால் தாண்டிவிடும், கட்டணமும் அடுத்த படிக்குப் போகும். பெட்டி வேண்டாம், கூரியர் கவர் போதும். பெட்டியில் வைத்தால் எடைக்குப் பதில் நீள, அகல, உயரக் கணக்கில் காசு கேட்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பணம் தரும் முறையில் என்னிடம் ஐந்து பார்சலுக்கு ஒன்று திரும்பியது. போக, வர இரண்டு கூலியும் நம்முடையது. இப்போது முன்கூட்டி 99 ரூபாய் வாங்கிக்கொண்டு மீதியை வீட்டில் வாங்கச் சொல்கிறேன். ஆர்டர் கொஞ்சம் குறைந்தது, திரும்புவது மிகவும் குறைந்தது.

11. அடுத்த லாட்

பெரிய மார்க்கெட்பிளேஸ்களில் சேர்வதை 300 பீஸ் சொந்தமாக விற்ற பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கமிஷன் தவிர, விற்பனைத் தொகையில் 0.5 சதவீதத்தை ஜிஎஸ்டிக்காகப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். கணக்குத் தாக்கலில் அதை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை கைமுதல் மாட்டும். கடன் தேவைப்பட்டால் மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் ஷிஷு என்ற பிரிவில் 50,000 வரை, கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை. வங்கி மேலாளர் முதலில் கேட்பது ஜிஎஸ்டி தாக்கல்களைத்தான், அதனால்தான் முன்பே தவறாமல் போடச் சொன்னேன். மானியத்தோடு கூடிய மாநிலத் திட்டங்களுக்கு உங்கள் ஊர் மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் விசாரியுங்கள்.

தீபாவளிக்கு விற்க வேண்டிய சரக்கு என்றால் ஆனியில் துணி வாங்கி, ஆடி முடிவதற்குள் தைத்து எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு லாட்டிலும் எம் அளவில் ஒரு பீஸை விற்காமல் வைத்து, துணிக்கடை பில் எண்ணை ஒரு சீட்டில் எழுதி அதனுள் குத்தி வையுங்கள். அடுத்தமுறை திருப்பூருக்குப் பஸ் ஏறும்போது அந்தச் சட்டை பையில் இருக்கட்டும். கடை வாசலில், வெயிலில், புதுத் துணியை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.